அச்சில் வார்த்த அன்பு

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் செய்த சாக்லெட் நகரங்களின் புதிய பலகாரமாகிவிட்டது. உருக்குவது எளிது, வார்ப்பது அதைவிட எளிது. எதை உருக்குகிறோம் என்பதில்தான் சிக்கல்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மும்பை க்ராஃபர்ட் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க இடம் இருப்பதில்லை. முந்திரி, பாதாம், மின்விளக்குச் சரம், அலங்காரச் சாமான் என்று வழக்கமான வியாபாரம் ஒரு பக்கம். பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் வேறு வகைக் கூட்டம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் பட்டியல். அரைக் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள பழுப்புக் கட்டிகள், வெள்ளைக் கட்டிகள். இதயம், இலை, நட்சத்திரம், அகல்விளக்கு என்று குழிகள் கொண்ட அச்சுகள். பொன்னிறத்திலும் சிவப்பிலும் ஜிகினாத் தாள். ஒன்பது, பன்னிரண்டு என்று அறை பிரித்த அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

இரவு, குழந்தைகள் தூங்கிய பிறகு, சமையலறை ஒரு சின்னத் தொழிற்சாலையாக மாறுகிறது. அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம், அதன் மேல் இன்னொரு பாத்திரம், அதில் உருகும் சாக்லெட். சிலருக்கு இது உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு. வேறு சிலருக்கு இது ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி; தீபாவளியில் தொடங்கிக் கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு முடியும் சில வாரங்களை நம்பியே பள்ளிக் கட்டணமும் வீட்டுத் தவணையும் காத்திருக்கின்றன. இரு தரப்பினரும் பெட்டியின் மேல் எழுதுவது ஒரே வார்த்தைதான்: ஹோம்மேட்.

அந்த வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கதை சுவாரஸ்யமாகிறது. கடையில் ஒரே தட்டில், ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே வடிவில் இரண்டு கட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் விலை மற்றொன்றைவிடப் பல மடங்கு. ஒன்று சாக்லெட். மற்றது சாக்லெட் போன்ற ஒன்று. எதை எடுத்துப் பையில் போடுகிறார் என்பதைப் பொறுத்தே அன்றிரவு அந்தச் சமையலறையில் தேவைப்படும் திறமை, செலவு, பெறுகிறவர் நாக்கில் தங்கும் சுவை எல்லாம் அமைகின்றன. அந்தப் பெட்டியின் நாணயமும் அதில்தான் இருக்கிறது.

பழைய அச்சு, புதிய பண்டம்

வீட்டில் ஓர் இனிப்பை உருக்கி, அச்சில் வார்த்து, அழகான தட்டில் அடுக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது இந்தியாவுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தில் சங்கராந்தி வருவதற்குப் பல நாள் முன்பே வீடுகளில் சக்கரை அச்சு தயாராகிறது. பாகு காய்ச்சி, பால் விட்டு அழுக்கை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்த மர அச்சுகளில் ஊற்றுகிறார்கள். யானை, மயில், துளசி மாடம், தேர் என்று வெள்ளை வெளேரென்று உருவங்கள் வெளிவருகின்றன. எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை சேர்ந்த எள்ளு பெல்லாவோடு இவற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு பெண்களும் சிறுமிகளும் வீடு வீடாகப் போகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் தீபாவளிக்கு லட்சுமி முன் படைக்கும் சர்க்கரைப் பொம்மைகளும் மர அச்சில் வார்த்தவைதான்.

வங்காளத்தில் சந்தேஷுக்கு மரத்திலும் கல்லிலும் சுட்ட மண்ணிலும் அச்சுகள் உண்டு. மீன், சங்கு, இலை, பூ என்று அவற்றில் செதுக்கப்பட்ட வடிவங்கள் தனியொரு கைவினை. சந்தன்நகரின் ஜல்பரா சந்தேஷ் இன்னும் ஒரு படி மேல். நுங்கு வடிவ அச்சில் செய்த சந்தேஷின் வயிற்றுக்குள் பன்னீரோ பனைவெல்லப் பாகோ ஒளிந்திருக்கும், கடித்தால் வழியும். புது மாப்பிள்ளையைக் கேலி செய்வதற்காக ஒரு ஜமீன் வீட்டில் முதலில் செய்யப்பட்டது என்று கதை சொல்கிறார்கள். நடுவில் பழக்கூழோ காரமலோ வைத்து இன்று அச்சில் வார்க்கப்படும் சாக்லெட்டுக்கும் அதற்கும் யோசனையில் வித்தியாசம் இல்லை.

மும்பையின் பாந்த்ரா போன்ற பகுதிகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்திரி மார்சிபானையும் மில்க் கிரீமையும் ரப்பர் அச்சில் அழுத்தி எடுத்துத் தட்டுகளில் அடுக்கி அக்கம்பக்கத்துக்கு அனுப்புவது பல தலைமுறைப் பழக்கம். ஆக, அச்சு இருந்தது, தட்டு இருந்தது, வாங்கிக்கொள்ள அடுத்த வீடும் இருந்தது. புதிதாக வந்தது சாக்லெட் மட்டுமே.

அது வந்த வழியும் புரிந்துகொள்ளக்கூடியதே. காட்பரி நிறுவனம் 1948-ல் இந்தியாவில் வியாபாரத்தைத் தொடங்கிய பிறகு நெடுங்காலம் சாக்லெட் என்றால் கடையில் வாங்கும் பட்டைதான். ‘வீட்டு சாக்லெட்’ என்ற சொல்லைப் பயணிகளின் நாக்கில் ஏற்றியவை மலைவாசஸ்தலங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்சாதனம் இல்லாமலேயே சாக்லெட் இறுகும். முந்திரி, திராட்சை பதித்த பெரிய பலகைகளாக வார்த்து, உடைத்து, எடை போட்டு விற்பது அங்கே தனி வியாபாரமாக வளர்ந்தது. சுற்றுலா போனவர்கள் காகிதப் பொட்டலத்தோடு திரும்பினார்கள். தாளில் சுற்றாத, உருவத்தில் கொஞ்சம் கோணலான சாக்லெட்டுக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டது.

வட இந்திய நகரங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கலப்படக் கோவாவைப் பிடித்த செய்தி வருகிறது. பால் இனிப்பு இரண்டு மூன்று நாளில் கெட்டும் போகிறது. சாக்லெட் வாரக்கணக்கில் தாங்கும், அனுப்பலாம், அடுக்கலாம். மிட்டாய்ப் பெட்டியின் இடத்தில் சாக்லெட் பெட்டி உட்கார இதற்கு மேல் சிபாரிசு தேவைப்படவில்லை.

ஒரே தட்டில் இரண்டு கட்டிகள்

கோகோ கொட்டையை நொதிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கிடைக்கும் விழுதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. இதுதான் கோகோ வெண்ணெய். சாக்லெட்டின் பளபளப்பு, ஒடிக்கும்போது வரும் ‘டக்’ என்ற ஓசை, வாயில் வைத்ததும் கரையும் குணம் எல்லாம் இந்தக் கொழுப்பின் கொடை. இது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. கையில் கெட்டியாகவும் நாக்கில் திரவமாகவும் இருக்கும் மாயத்தின் ரகசியம் இந்த மூன்று டிகிரிதான்.

கோகோ வெண்ணெய் அழகுசாதனங்களுக்கும் தேவைப்படுகிறது, விலை அதிகம். எனவே அதை எடுத்துவிட்டு, கோகோ பவுடரோடு பனைவிதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைக் கெட்டிப்படுத்திச் சேர்த்து, சர்க்கரையும் பால் பவுடரும் கலந்து வார்க்கப்படுவது இரண்டாவது கட்டி. வியாபாரத்தில் இதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். முதல் வகையில், வார்ப்பதற்கென்றே கோகோ வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்தது கூவெர்ச்சர். சர்வதேச உணவுத் தரத்தின்படி கூவெர்ச்சரில் குறைந்தது 31 சதவீதம் கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியச் சட்டமும் கவனிக்கிறது. உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டம் 2006-ன் கீழ் வந்த தர விதிகளின்படி, சாக்லெட் என்ற பெயரில் விற்கப்படுவதில் கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காம்பவுண்ட் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் அதன் உறையில் பெரிய எழுத்தில் ‘டார்க் காம்பவுண்ட்’, ‘மில்க் காம்பவுண்ட்’ என்று இருக்கும்; ‘சாக்லெட்’ என்ற சொல் தனித்து நிற்காது. உறையைத் திருப்பிப் பார்த்தால் குழப்பமே இல்லை. சேர்க்கைப் பொருள்கள் அளவு வரிசையில்தான் அச்சிடப்படும். சர்க்கரைக்கு அடுத்து தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய், கோகோ விழுது என்று இருந்தால் சாக்லெட்.

காம்பவுண்ட் நஞ்சல்ல. கெட்டிப்படுத்திய எண்ணெய்களில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு பற்றிப் பயம் இருந்தது உண்மை. 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெயிலும் கொழுப்பிலும் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் காம்பவுண்டில் இருப்பது பெருமளவு பூரிதக் கொழுப்பும் சர்க்கரையும்தான். டார்க் சாக்லெட் இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு டார்க் காம்பவுண்டைப் பெரியவர்களுக்குப் பரிசளிப்பதில் அர்த்தம் இல்லை.

காம்பவுண்ட் ஏன் ஜெயித்தது?

வீடுகளில் வார்க்கப்படுவதில் பெரும்பங்கு காம்பவுண்ட் என்பது கடைகளின் தட்டுகளைப் பார்த்தாலே தெரியும். விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது எதையும் மன்னித்துவிடுகிறது. உருக்கி ஊற்றினால் இறுகிவிடும். எந்தப் பதமும் பார்க்க வேண்டாம்.

செய்முறை ஒரு பத்தியில் அடங்கும். கட்டியைக் கத்தியால் சன்னமாகச் சீவ வேண்டும். பெரிய துண்டுகள் வெளியே கருகி உள்ளே உருகாமல் நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைக்கும் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. நீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது. கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டால் அந்தச் சூடே போதும். மைக்ரோவேவ் என்றால் 30 விநாடிக்கு ஒரு முறை வெளியே எடுத்துக் கிளற வேண்டும். 45 டிகிரிக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. உருகியதை அச்சின் குழிகளில் பாதி ஊற்றி, வறுத்து ஆறிய பாதாமையோ முந்திரியையோ வைத்து, மீதியை ஊற்றி, அச்சை மேசையில் நாலு தட்டு தட்டினால் காற்றுக் குமிழ் வெளியேறும். 10, 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். அடிப்பக்கம் பார்க்கும்போது குழிகளைவிட்டு விலகி வெளிறித் தெரிந்தால் தயார். கவிழ்த்தால் தானாக விழும். ஒரு கிலோவில் 10 கிராம் எடையுள்ள நூறு சாக்லெட்.

இவ்வளவு எளிதான வேலையில் பெரும்பாலோர் தோற்பது ஒரே இடத்தில்தான்: தண்ணீர். சக்கரை அச்சுக்கு மர அச்சைத் தண்ணீரில் ஊறவைத்தே தீர வேண்டும். சாக்லெட்டில் நிலைமை நேர் எதிர். அது கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரை, கோகோத் துகள்களின் கலவை. நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழுவழுப்பாக இருந்தது நொடியில் களிமண்போல் திரண்டுவிடும். துடைக்காத கரண்டி, ஈரமான அச்சு, பாத்திர மூடியில் வியர்த்த நீராவி, எதுவும் போதும். கேசரிக்குப் போடும் கலரையும் பாயசத்துக்கு விடும் எசென்ஸையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நீரில் கரையும் கலர் இங்கே உதவாது. எண்ணெயில் கரையும் கலரும் வாசனையும்தான் வேண்டும்.

திரண்டுபோனதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் சூடான பாலையோ கிரீமையோ தாராளமாகச் சேர்த்தால் மீண்டும் இளகும். அச்சில் வார்க்க ஆகாது. கேக்கின் மேல் ஊற்றலாம், குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம்.

பாகுக்கு மட்டுமா பதம்?

அசல் சாக்லெட்டைக் கையில் எடுப்பவர் வேறொரு உலகத்துக்குள் நுழைகிறார். உருக்குவதும் ஊற்றுவதும் மேலே சொன்னபடிதான். ஆனால் அதை மட்டும் செய்தால் மறுநாள் காலை அச்சிலிருந்து வருவது மங்கலான, வளைகிற, கை பட்டதும் ஒட்டுகிற ஒன்று. சில நாளில் அதன் மேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் வரும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்து கொட்டுகிறவர்கள் ஏராளம். அது பூஞ்சை அல்ல, மேலே வந்து படிந்த கோகோ வெண்ணெய். சாப்பிடக் கெடுதல் இல்லை, பரிசாகக் கொடுக்கத்தான் முடியாது.

காரணம், கோகோ வெண்ணெய் இறுகும்போது ஆறு வகைப் படிகங்களாக உருவாகக்கூடியது. முதல் வகை 17 டிகிரியிலேயே உருகிவிடும். பளபளப்பும் ஓசையும் தருவது ஐந்தாவது வகை மட்டுமே. அந்த ஒன்றை மட்டும் வளரவைத்து மற்றவற்றைத் தடுப்பதற்குப் பெயர் டெம்பரிங். மைசூர்பாகு கிளறுகிறவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. பாகில் ஒற்றைக் கம்பிக்கும் இரட்டைக் கம்பிக்கும் உள்ள வித்தியாசம் சில டிகிரிதான். பதம் தவறினால் பண்டம் வேறு. சாக்லெட்டின் பதம் இன்னும் குறுகலானது.

டார்க் சாக்லெட்டை முதலில் 45 முதல் 50 டிகிரிக்குச் சூடாக்கி எல்லாப் படிகங்களையும் கரைக்க வேண்டும். கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். பிறகு 31, 32 டிகிரிக்கு மெல்ல ஏற்ற வேண்டும். அப்போது வேண்டாத படிகங்கள் உருகி, ஐந்தாவது வகை மட்டும் மிஞ்சும். பால் சாக்லெட்டுக்கு இறுதி வெப்பம் 29, 30 டிகிரி. வெள்ளை சாக்லெட்டுக்கு அதற்கும் சற்றுக் குறைவு. பால் காய்ச்சும்போது விரலால் சூடு பார்க்கிற பழக்கம் இங்கே செல்லாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் தேவை.

வீட்டுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மீதி ஒரு பங்கைத் துருவிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுவது. தொழிற்சாலையில் ஏற்கெனவே சரியாகப் பதம் செய்யப்பட்ட துருவல், உருகியதைக் குளிர்விப்பதோடு நல்ல படிகங்களுக்கு விதையாகவும் ஆகிறது. பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான். பதம் வந்ததா என்று பார்க்கக் கத்தி நுனியை முக்கி வெளியே வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் கோடு விழாமல் பளபளப்பாக இறுகினால் ஊற்றலாம். இறுகாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

பதம் தெரிந்தவரையும் காலைவாரிவிடுவது இந்திய வானிலை. இந்த வேலைக்கு 20 முதல் 22 டிகிரி வெப்பமும் காய்ந்த காற்றும் வேண்டும். தீபாவளி நெருங்கும் அக்டோபரில் மும்பையின் பகல் வெப்பம் 33, 34 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதாவது கோகோ வெண்ணெய் உருகும் அதே அளவு. கடலோர நகரங்களில் ஈரப்பதம் வேறு. டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் டிசம்பரில் கிடைக்கும் சலுகை சென்னைக்கும் மும்பைக்கும் இல்லை. ஆகவே சமையலறையைவிட்டு, ஏசி இருக்கும் படுக்கையறைக்கு இடம்பெயர்கிறது தொழிற்சாலை. ஏசி இல்லாத வீட்டில் அசல் சாக்லெட்டுக்கு விடிகாலை நான்கு மணிதான் நல்ல நேரம்.

செய்து முடித்த பிறகும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது, அதன் பெயர் ஃப்ரிட்ஜ். சாக்லெட் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நேற்றைய சாம்பாருக்கும் நறுக்கிய வெங்காயத்துக்கும் நடுவே ஒரு வாரம் இருந்த பாதாம் சாக்லெட், பெறுகிறவருக்கு நெடுநாள் மறக்காது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் மேலே நீர் வியர்த்து, காய்ந்த பிறகு சர்க்கரை வெள்ளையாகப் படியும். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருக்க வேண்டும்.

கணக்கில் வராத உழைப்பு

பரிசுக்காகச் செய்யத் தொடங்கியவர், நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேர் சொன்னதும் விற்கத் தொடங்குவது வழக்கமான பாதை. மூலதனம் குறைவு, வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். ஒரு நாள் பயிற்சி வகுப்புகள் எல்லா நகரங்களிலும் நடக்கின்றன. பெரும்பாலான வகுப்புகளில் சொல்லித் தரப்படுவது காம்பவுண்ட். மறுநாளே பழகிப் பார்க்கலாம் என்பதால் அதில் தவறும் இல்லை.

ஆனால் ஒரு பெட்டியின் விலையைக் கணக்கிடும்போது கட்டி, முந்திரி, ஜிகினாத் தாள், அட்டைப் பெட்டி என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பட்டியலில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தங்கள் சொந்த உழைப்பு. நூறு சாக்லெட்டைத் தாளில் சுற்றுவதற்கு மட்டும் பல மணி நேரம் பிடிக்கும். உடைந்தவை, திரண்டவை, கூரியரில் உருகியவை வேறு. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு பெட்டியைத் திறந்து பார்த்து வெள்ளை பூத்திருப்பதைக் கண்டவருக்கு மீண்டும் பொருள் வாங்கப் பணமும் கிடையாது, நேரமும் கிடையாது. ஒரு வருடம் முழுக்கச் சேர்த்த நல்ல பெயர் ஒரு பகலின் வெயிலில் போய்விடுகிறது.

விலையும் அவர்கள் கையில் இல்லை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மோசமான வானிலையும் மர நோயும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்ததில், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப்போல் பல மடங்கு. 2025-ன் இறுதிக்குள் பாதியளவுக்கு இறங்கியது என்றாலும், இந்த ஏற்றத்தில் பெரிய கம்பெனிகளே ஆடிப்போயின. பிரிட்டனில் பிரபலமான பெங்குவின், க்ளப் பிஸ்கட்டுகளில் கோகோவைக் குறைத்து வேறு கொழுப்பைக் கூட்டியதால், 2025-ல் அவற்றின் மேல் ‘சாக்லெட்’ என்ற சொல்லைப் போட முடியாமல் ‘சாக்லெட் சுவை’ என்று போட வேண்டியதாயிற்று. வீட்டில் நூறு பெட்டி செய்கிறவருக்கு இந்தச் சோதனை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோகோ இந்தியாவிலும் விளைகிறது என்பது ஓர் ஆறுதல். ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டில் பொள்ளாச்சி வட்டாரம் என்று தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. 1980-ஐ ஒட்டி விலை சரிந்து விவசாயிகள் தவித்தபோது, 1973-ல் தொடங்கிய மங்களூரின் காம்ப்கோ கூட்டுறவு கொள்முதலில் இறங்கியது. 1986-ல் புத்தூரில் சொந்த சாக்லெட் ஆலையையே திறந்தது. இப்போது மைசூர், கொச்சி, ஆரோவில், ஹைதராபாத் போன்ற இடங்களில் உள்ளூர்க் கொட்டையை வாங்கிக் கட்டியாக்கும் சிறு ஆலைகள் இயங்குகின்றன. வீட்டில் வார்க்கிறவருக்கு இறக்குமதிக் கட்டியைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை மாறியிருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு சீட்டு

வீட்டில் செய்தது என்ற சொல்லுக்கு வாங்குகிறவர் மனத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது: கலப்படம் இல்லை, தெரிந்தவர் கை பட்டது, நல்ல பொருள். அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் கூடுதல் விலை தருகிறார். காம்பவுண்டை உருக்கி வார்த்துவிட்டு ‘அசல் சாக்லெட்’ என்று விற்பவர் அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார். பிடிபடுவதும் கடினமல்ல. அசல் சாக்லெட் ஒடியும்போது ஓசை கேட்கும், நாக்கில் சுத்தமாகக் கரையும். காம்பவுண்ட் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலத்தை விட்டுச்செல்லும். ஒருமுறை வித்தியாசம் தெரிந்துகொண்ட நாக்கு ஏமாறாது.

விற்கிறவர்களுக்குச் சட்டம் சில கடமைகளை வைத்திருக்கிறது. சமையலறை வீட்டுக்குள் இருந்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து 14 இலக்க எண் பெற வேண்டும். பெட்டியின் மேல் சேர்க்கைப் பொருள்கள், செய்த தேதி, காலாவதித் தேதி, சைவக் குறியான பச்சை வட்டம் ஆகியவை வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பால் இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு இது சம்பிரதாயம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஒரே கரண்டியால் கடலை சாக்லெட்டையும் வெறும் சாக்லெட்டையும் கிளறியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

பணம் வாங்காமல் பரிசாகக் கொடுக்கிறவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அவரும் செய்யக்கூடிய ஒன்று, பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டு வைப்பது. இது காம்பவுண்ட், இதில் முந்திரி இருக்கிறது, இன்ன தேதியில் செய்தது, மூன்று வாரத்துக்குள் சாப்பிடுங்கள் என்று நாலு வரி. இதனால் பரிசின் மதிப்பு குறையப்போவதில்லை. பள்ளி நண்பர்களுக்குக் கொடுக்க மகளோடு உட்கார்ந்து வார்க்கும் ஐம்பது இதயங்களுக்குக் காம்பவுண்டே போதும். அதில் இனிப்பது அவர்கள் சேர்ந்து உட்கார்ந்த மாலைதான். ஒரே ஒருவருக்கு, ஒன்பது சாக்லெட் மட்டும் கொடுக்க நினைப்பவர் நல்ல கட்டி வாங்கி, விடிகாலையில் எழுந்து, தெர்மாமீட்டரோடு மல்லுக்கட்டலாம். இரண்டும் வீட்டில் செய்தவையே. இரண்டும் அன்பளிப்பே.

சங்கராந்தித் தட்டில் வரும் சக்கரை அச்சுக்குச் சீட்டு எதுவும் தேவைப்பட்டதில்லை. அதில் சர்க்கரையையும் சிறிது பாலையும் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். மயிலின் கொண்டை உடைந்திருந்தால் யார் வீட்டுப் பழைய அச்சு என்றுகூடத் தெரியும். புதிய அச்சில் வார்க்கப்படும் பழுப்பு நிறப் பண்டத்தில் அவ்வளவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கொடுக்கிறவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.